குளிருக்கா, மழைக்கா?

ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம், பள்ளத்தில் எங்கள் வீடு. அந்தப் பகுதி தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகிவிடும். விடியற்காலையில் புல்தரை முழுக்க உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் தக்காளியும் அவரையும் வெந்த கீரை போலத் தொங்கிவிடும்.

தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து மூடிவைப்பார்கள். நானும் நான்கு குளிர்காலம் அதையே செய்தேன். மாலையில் மூட வேண்டும், காலையில் எடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பசுமைக்குடில் ஒன்று போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் இணையத்தில் ஒரு கூடாரம் வாங்கினேன். மெல்லிய இரும்புக் குழாய்கள், மேலே பிளாஸ்டிக் உறை, முன்புறம் ஜிப். அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்த முதல் வாரத்தில், அதே வேகத்தில் பக்கத்துக் கேரட் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எடுத்து வரப் போனபோது தோட்டக்காரர், "இதில் ஆள் யாரும் வரவில்லையே?" என்று கேட்டார்.

அடுத்து பாலிகார்பனேட் தகடு. பார்க்க அழகு, பல வருடம் உழைக்கும் என்றார்கள். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரி, "அந்தப் பணத்துக்கு ஆயுள் முழுக்கத் தக்காளி வாங்கலாம்" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது பெரிய மிகையில்லை.

கடைசியில் கொய்மலர் (வெட்டி விற்கும் பூக்கள்) தோட்டங்களுக்குக் குடில் போட்டுத் தரும் வெல்டர் ஒருவரை அழைத்தேன். வந்தவர் அளவு எடுக்கவில்லை. "சார், குளிருக்குப் போடுகிறீர்களா, மழைக்குப் போடுகிறீர்களா?" என்று கேட்டார். குளிருக்குத்தான் என்றேன். "அப்படியானால் வேண்டாம் சார், ராத்திரி உள்ளேயும் அதே குளிர்தான் இருக்கும்" என்றார்.

நான் நம்பவில்லை. போட்ட பிறகு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகத் தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். ஜனவரியில் ஒரு நாள் அதிகாலை வெளியே 1 டிகிரி, உள்ளே 2 டிகிரி. பகலில் சேர்ந்த வெப்பம் இரவில் சாதாரண பாலிதீன் வழியாகக் கதிர்வீச்சாக வெளியேறிவிடுகிறது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் குடிலுக்குள் வெளியைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டாம். அதே நாள் நண்பகலில் உள்ளே 36 டிகிரி! குளிருக்குப் பயந்து கட்டிய இடத்தில் செடிகள் வெயிலில் வாடுவதைப் பார்த்தபோதுதான் வெல்டரின் கேள்வி புரிந்தது.

நல்ல வேளையாக, மழையையும் மனத்தில் வைத்துத்தான் அவர் கட்டியிருந்தார். பத்துக்குப் பதினைந்து அடி, துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புக் குழாய், கால்கள் இரண்டடி ஆழத்தில் கான்கிரீட்டில். மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) தடிமனுள்ள பாலிதீன் ஷீட். காற்று மேற்கிலிருந்து அறைவதால் கூரைத் திறப்பைக் கிழக்குப் பார்த்து வைத்தார். பக்கவாட்டில் சுருட்டி ஏற்றும் திரை, அதற்குள் பூச்சிவலை. ஷீட் படும் இடங்களில் குழாய்க்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். வெயிலில் குழாய் சூடேறினால் அந்த வரிசையில்தான் ஷீட் முதலில் கிழியும் என்றார்.

ஷீட் போட வந்தவர்களைக் காலை எட்டு மணிக்கே தயாராக உட்காரவைத்தேன். அவர்கள் டீ குடித்துக்கொண்டு பதினோரு மணிவரை அசையவில்லை. எனக்கு எரிச்சல். குளிரில் இழுத்துக் கட்டினால் வெயில் வந்ததும் ஷீட் தளர்ந்து காற்றில் படபடக்குமாம். வெயிலில் கட்டினால் மாலையில் தானே சுருங்கி மத்தளத் தோல் போல விறைக்கும். கட்டி முடித்த அன்று மாலை விரலால் தட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே மத்தளம்தான். எல்லாம் சேர்த்து எனக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

பலன் மழைக்காலத்தில் தெரிந்தது. ஜூலையில் வெளியே வைத்த தக்காளி வழக்கம்போல இலைக்கருகல் வந்து கறுத்துப்போனது. உள்ளே இலை நனையாததால் நோய் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் திரைகளைக் காலையில் திறந்தாக வேண்டும். நான்கு நாள் ஊருக்குப் போய் வருவதற்குள் ஷீட்டின் உட்புறம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இலைமேல் விழுந்து, குடைமிளகாயில் பாதி அழுகிவிட்டது. பூச்சிவலை இருப்பதால் தேனீயும் வராது. தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைதான், என்றாலும் அசைவு வேண்டும். தினமும் பத்து மணிக்குக் கொடி கட்டிய கம்பியைத் தட்டிவிட்டு வருவது என் வேலை.

உறைபனிக்கு என்ன செய்தேன் என்றால், 200 லிட்டர் டிரம் மூன்றைக் கறுப்படித்து, தண்ணீர் நிரப்பி வடக்கு ஓரமாக வைத்தேன். பகல் சூட்டை வாங்கி இரவில் மெதுவாக விடும். மிகக் குளிர்ந்த இரவுகளில் நாற்றுகள்மேல் பழைய வேட்டி ஒன்றை விரிக்கிறேன். வெளியே மிலார், உள்ளே வேட்டி. முழுதாகத் தப்பிக்க முடியவில்லை.

சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிக்கப் போனவனைக் கடைக்காரர் தடுத்தார், அது ஷீட்டின் ஆயுளைக் குறைத்துவிடும் என்று. அவர் பேச்சைக் கேட்டு மோர்க் கரைசலோடு நிறுத்திக்கொண்டேன். ஷீட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் ஒரு வாரம் இருந்தேன். பிறகு ஒரு குரங்குக் கூட்டம் வந்து கூரைமேல் சறுக்கி விளையாடி இரண்டு இடங்களில் கிழித்துவிட்டுப் போனது. இப்போது அங்கே டேப் ஒட்டியிருக்கிறேன். அதற்கு நேர் கீழே இருக்கும் செடியில்தான் இந்த வருடம் அதிகக் காய்.