ஒன்பது பூக்கள் போன வழி

மார்கழி ஞாயிற்றுக்கிழமை. இருட்டு விலகும் முன்னே பாபநாசம் படித்துறையில் இறங்கிவிட்டோம். தண்ணீர் காலில் பட்டதும் சுரீரென்றது. ஆச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு முங்கி எழுந்தாள். "பொருநைத் தாயே" என்றாள். தாமிரபரணிக்கு அதுதான் பழைய பேர். அதற்கு மேல் வேண்டுதல் எதுவும் இல்லை.

ஆற்றங்கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தின் கதை நெல்லைச் சீமையில் எல்லாரும் கேட்டு வளர்ந்ததுதான். முக்தி வேண்டிய ரோமச முனிவருக்காக அகத்தியர் ஒன்பது தாமரைப் பூக்களைத் தாமிரபரணியில் மிதக்கவிட்டார். பூ ஒதுங்கும் இடமெல்லாம் சிவபெருமானை வைத்துப் பூஜித்து, கடைசியில் ஆறு கடலில் கலக்கும் சங்குமுகத்தில் நீராடச் சொன்னார். பூ ஏன் அங்கங்கே நின்றது என்று சின்ன வயதில் ஆச்சியைக் கேட்டிருக்கிறேன். "வேகம் அடங்குற இடத்துலதான்யா எதுவும் தங்கும்" என்றாள். அந்தப் பதிலின் ஆழம் இந்தப் பயணத்தில்தான் எனக்கு விளங்கியது.

பொதிகை என்கிற அகத்தியர் மலை 1,868 மீட்டர். அங்கே பிறக்கும் ஆறு அந்த உயரத்தின் பெரும்பகுதியைப் பாபநாசம் வருவதற்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் பாறை உடையும், உருளும், ஒன்றோடொன்று உரசி முனை மழுங்கும். படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். கோழிமுட்டை போல வழுவழுப்பு, நடுவில் ஒரு வெள்ளை ரேகை. கோயிலுக்குள் உலகம்மை சந்நிதி முன்னே பெண்கள் உரலில் விரலி மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அம்பாள் அபிஷேகத்துக்கு அந்த மஞ்சள்தான். ஆச்சியும் இரண்டு போடு போட்டாள். கட்டி மஞ்சள் பொடியாவதைப் பார்த்தபடி நின்றேன். இந்த ஆறும் மலையை இப்படித்தானே கடல் வரைக்கும் இடித்துக்கொண்டு போகிறது!

சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர் மூன்றும் வெயில் ஏறுவதற்குள் முடிந்தன. சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, ஆறு கனமானதை முதலில் இறக்கி வைக்கிறது. பாபநாசத்தில் குண்டுக்கல், இங்கே பாதத்துக்கு மெத்தையாய் மணல். மணலைவிட மெல்லிய வண்டல் வெள்ளத்தோடு கரை தாண்டி, நெல்லும் வாழையும் விளையும் மண்ணாய்ப் படிந்திருக்கிறது.

முறப்பநாட்டில்தான் அதிக நேரம் உட்கார்ந்தோம். கிழக்கே கடலுக்குப் போகிற ஆறு இங்கே வடக்கு முகமாய்த் திரும்புவதால் தட்சிண கங்கை என்று போற்றுகிறார்கள். திருப்பத்தில் வெளிப்பக்கம் ஓடும் தண்ணீர் வேகமாய்க் கரையை அரிக்கும், உள்பக்கம் தணிந்து மணலைச் சேர்க்கும். எந்த ஆற்று வளைவிலும் இதே கதைதான். ஆச்சி போட்ட செவ்வந்தி இதழ்கள்கூட உள்வளைவைத் தேடித்தான் ஒதுங்கின. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை முடித்து ராஜபதி. பழைய கோயிலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, இப்போதிருப்பது புதிதாய் எழுப்பியது. இந்தத் தாய் கொடுப்பவள் மட்டுமல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பூ சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். கைலாசநாதரையும் சௌந்தர்யநாயகியையும் தரிசித்துவிட்டு முகத்துவாரம் நோக்கிக் கிளம்பினோம். ஒரு காலத்தில் கடல் இவ்வளவு தூரத்தில் இல்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை அன்று கடலோரம், இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளி. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, வணிகம் காயல் என்ற துறைமுகத்துக்குப் போனது. அதுவும் தூர்ந்து, புன்னக்காயல் வந்தது. மலையில் அரைபட்ட கல்தான் இங்கே புது நிலமாய் நீண்டு கிடக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

புன்னக்காயலில் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன், உப்பு. ஆச்சி பாபநாசத்திலிருந்து மடியில் முடிந்து வந்த ஒரே ஒரு தாமரையை ஆற்றில் விட்டாள். கடல் ஏற்றத்தில் இருந்தது. பூ கடலுக்குப் போகாமல் மெல்லத் திரும்பி, வந்த திசையிலேயே மேலேறியது.

"பாருய்யா," என்றாள் ஆச்சி, "பொதிகைக்கே போறா."