கலா என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

"எங்கள் கலாஜீ நல்ல மனிதர்" என்று அந்த மூதாட்டி பர்மிய மொழியில் சொன்னதை, "எங்கள் தமிழ்ப் பெரியவர் நல்ல மனிதர்" என்று மொழிபெயர்த்தேன். யாங்கூனில் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்யும் எனக்கு அது பிழையாகப் படவில்லை. தாத்தா வாழ்ந்த தெருவைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த பெண்தான் நிறுத்தினார்: "கலா, கலான்னு பாட்டி நிறைய தடவை சொன்னாங்களே அண்ணா, அதுக்கு என்ன அர்த்தம்?"

"கடல் கடந்து வந்தவர்" என்றேன். முகம் மலர்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை. 'கூ' என்றால் கடப்பது, 'லா' என்றால் வருவது என்று பர்மியர் பலரே விளக்குவார்கள். ஆனால் வருவதைக் குறிக்கும் 'லா' தாழ்ந்த தொனியில் ஒலிப்பது. இந்தச் சொல்லின் 'லா'வோ உயர்ந்த தொனி. தொனி மாறினால் பொருளே மாறிவிடும் மொழி அது. எழுத்தில் 'குலா' என்று இருப்பதாலும், பர்மாவின் பழைய பாகன் அரசு காலக் கல்வெட்டுகளிலேயே அந்த வடிவம் வருவதாலும், குலத்தைக் குறிக்கும் பாலி, வடமொழிச் சொல்லே வேர் என்பவர்கள் உண்டு. கறுப்பைக் குறிக்கும் 'கால' என்பவர்களும் உண்டு. எதுவும் முடிந்த முடிவன்று.

வெள்ளையரைக்கூடக் 'கலா பியூ' என்றார்கள்; நாற்காலி 'கலா தைங்', கொண்டைக்கடலை 'கலா பே'. 2017இல் ஃபேஸ்புக் இந்தச் சொல்லைத் தடுக்க முயன்றபோது கடலையைப் பற்றிய பதிவுகளும் சேர்ந்து நீங்கின. தெருவில் முஸ்லிம்களையும் எங்களைப் போன்றவர்களையும் நோக்கி எறியப்படும்போது அது வசை. பள்ளியில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் மூதாட்டியின் குரலில் இருந்தது அன்பு மட்டுமே. வசையென்று சொல்லியிருந்தால் அவருக்கு அநீதி இழைத்திருப்பேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். எனக்குப் பிடித்த பொருளைத்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேனோ என்ற ஐயமும் உடனே எழுகிறது.

என்ன எழுதுகிறார் என்று மூதாட்டி கேட்டார். சொன்னேன். "அவர் எங்கே கடந்து வந்தார்? இதே தெருவில் பிறந்தவர் அல்லவா?" என்றார். உண்மைதான். கடைகள் அரசுடைமையான 1964க்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறியபோதுதான் அவர் முதன்முதலாகக் கடல் கடந்தார். என் குடும்பம் ஏறவில்லை.

"பாட்டி என்ன சொல்றாங்க அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தாத்தாவை நன்றாக நினைவிருக்கிறதாம்" என்றேன்.