கச்சான் விதைக்கு மருந்து: எத்தனை நாளுக்குக் காவல்?

விதைக்கு மருந்து கலந்துவிட்டால் பயிருக்கே நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்று திருகோணமலையில், குறிப்பாக மூதூர்ப் பக்கத்தில் கச்சான் போடுபவர்கள் பேசிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். நானும் விதைப் பரிகரணத்தை ஆதரிப்பவன்தான். ஆனால் திராம், கப்டான் போன்ற பங்கசுநாசினிகள் விதையின் மேற்பரப்பில் படிந்து, விதையோடு வந்த பங்கசையும் சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் பங்கசையும் தடுத்துவைப்பவை. செடியின் இயல்பை அவை மாற்றுவதில்லை. முளைத்து வேரூன்றும் வரைக்கும் ஒரு காவல் கிடைக்கிறது, அவ்வளவே.

கச்சானுக்கு அந்தக் காவல் மிகவும் தேவை. முளைத்துச் சில கிழமைகளுக்குள் வாடிச் சாய்ந்த ஒரு செடியைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பட்டை பழுப்பாகிச் சிதைந்து, அதன்மேல் கரிப்பொடி தூவியதுபோல் கறுப்பு வித்திகள் அப்பியிருந்தால், அது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பங்கசு உண்டாக்கும் கழுத்தழுகல். சூடான மண் அதற்கு உகந்தது. விதையை ஆழமாகப் போட்டால் இளந்தண்டு மண்ணுக்குள் நெடுந்தூரம் வளர்ந்து வரவேண்டியிருப்பதால் ஆபத்துக் கூடுகிறது. தோல் கீறிய பருப்பினுள் நுழைவதும் அதற்கு எளிது. ஆகவே விதைப்புக்குச் சற்று முன்னர் கையால் உடைத்து, தோல் உரிந்தவற்றைக் கழித்துவிட்டு, நல்ல பருப்பை மட்டும், கையுறை அணிந்துகொண்டு, பொதியில் குறித்த அளவு மருந்தோடு மெதுவாகப் புரட்ட வேண்டும். அவசரத்தில் தடியால் கிண்டினால் மருந்து ஒட்டுவதற்கு முன்பே தோல் கழன்றுவிடும்.

செடியின் தற்காப்பையே தூண்டும் இரசாயனங்களும் இல்லாமலில்லை. ஜப்பானில் 1970களிலிருந்து நெல்லின் எரிபந்த நோய்க்கு இடப்பட்டுவரும் புரொபெனசோல் அவ்வகையைச் சேர்ந்தது. திராமையும் கப்டானையும் அந்த வரிசையில் வைத்துப் பேசுவதுதான் பிழை.

மிஞ்சிய விதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை வறுக்கவோ, எண்ணெய்க்குக் கொடுக்கவோ, கோழிக்குப் போடவோ கூடாது. ஈராக்கில் 1971-72இல் மீதைல் பாதரசம் பூசிய விதைக் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டு உண்டதில், மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. மருந்திட்ட விதை என்று காட்ட ஏற்றியிருந்த சிவப்புச் சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நம்பியவர்களும் அதை உண்டவர்களுள் இருந்தனர். இன்றைய மருந்துகளில் பாதரசம் இல்லை என்றாலும், கழுவினால் போதும் என்ற எண்ணம் இங்கும் இருக்கிறது. அன்று விதைக்கப்போகும் அளவை மட்டும் கலந்தால் மிச்சம் என்ற பேச்சே வராது. போதாவிட்டால் இன்னொரு பிடி கலந்துகொள்ளலாம்.