மாமாவின் ஜோசியமும் முந்திரிக்கொத்து டின்னும்

எங்கள் வீட்டில் மாமாவும் மாமியும் இப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம் சொத்தும் இல்லை, சுகரும் இல்லை. அமெரிக்காவில் ஆல்புகர்க்கி என்ற ஊரில் இருக்கும் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார்.

புற்றுநோய் வந்த அந்த வாத்தியார் பணத்துக்காகப் போதை மருந்து காய்ச்சப் போகிற கதைதான் ‘பிரேக்கிங் பேட்’, 2013-லேயே முடிந்துபோன தொடர். உலகமே பார்த்து ஓய்ந்த பிறகு, ஆனி மழைக்கு வெளியே தலைகாட்ட முடியாமல் நாங்கள் ஆரம்பித்தோம். நான் நிறுத்தி நிறுத்தி மாமிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மாமிக்குத் தொடக்கத்திலேயே கதை பிடிக்கவில்லை. “கெமிஸ்ட்ரி வாத்தியாராக்கும்! சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தா வைத்தியச் செலவும் போகும், மாடியும் கட்டலாம். இவன் எதுக்குப் போதை மருந்து காய்ச்சணும்?” அந்தப் பொட்டல்காட்டைப் பார்த்துவிட்டு, “ஆரல்வாய்மொழி மாதிரில்லா இருக்கு, கரண்ட் எடுக்குற காத்தாடிதான் இல்ல” என்றார்.

மாமா ரிட்டயர்ட் ஆன கெமிஸ்ட்ரி வாத்தியார். “ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியான் புத்தி இன்னொரு கெமிஸ்ட்ரி வாத்தியானுக்குத்தான் தெரியும்” என்று சொல்லி, அடுத்து நடக்கப்போவதைக் கணிக்கத் தொடங்கினார். பந்தயத்தையும் அவரே வைத்தார். சொன்னது பலித்தால் இனிப்பான முந்திரிக்கொத்து ஒன்று, சுகர் என்று மாமி தடுக்கக் கூடாது.

“அந்த ரெண்டாவது போன்தான் பொண்டாட்டிகிட்ட மாட்டிவிடும். ஆப்பரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கும்போது உளறுவான்” என்றார். உளறினான். “அவ விவாகரத்து கேப்பா. ஆனா கடைசியில கணக்கு எழுதப்போறதும் அவதான். கார் கழுவுற கடையை அவளே பேரம் பேசி வாங்குவா” என்றார். வாங்கினாள். மாமி வாயடைத்துப் போய், பக்கத்து வீட்டு மாமியிடம்கூட இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த மனுஷன், முகத்தைப் பார்த்தே கள்ளத்தைக் கண்டுபிடிப்பாராம். டின் பாதியாகிவிட்டது.

பேராசை அங்கேதான் வந்தது. “சகலை போலீஸ்காரன்லா, அவன் உண்மையைக் கண்டுபிடிக்கிறது ஸ்டேஷன்ல வச்சு இல்ல. கக்கூஸ்ல வச்சு” என்றார் மாமா.

அப்படியே நடந்தது. போலீஸ்காரன் கையில் புத்தகத்தோடு கக்கூஸில் உட்கார்ந்திருக்க, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமி சிரிக்கவில்லை. டிவியைப் பார்க்காமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலை, வழக்கத்துக்கு மாறாக, மாமி பிளாஸ்கில் கட்டன் சாயாவோடு ரப்பர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் மாமா தினமும் போவார். ஷீட் அடிக்கும் கொட்டகைக்குள் இங்கிலீஷில் யாரோ கத்துகிற சத்தம். ஆசிட் கேனில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்னால் மாமா, மூக்குக்கண்ணாடியும் சம்மணமுமாக. 62 எபிசோடையும் என்றைக்கோ பார்த்து முடித்து, இது இரண்டாவது சுற்றாம்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டது ஒரே கேள்வி. “அந்தப் போன் ஏது?” மகன் போன ஓணத்துக்கு மாற்றிய பழைய போன், திரை கீறியது. அதாவது இரண்டாவது போன்.

தண்டனை அறிவிக்கப்பட்டது. முதல் எபிசோடிலிருந்து எல்லாவற்றையும் மாமா மறுபடி மாமி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாயைத் திறக்காமல். மாமா உடனே சம்மதித்ததைப் பார்த்தால் அது தண்டனையாகத் தெரியவில்லை. பேச்சுவார்த்தை மட்டும் என் வழியாக. நேற்று ராத்திரி மாமி என்னிடம், “மக்ளே, கடைசியில அவ அவன மன்னிச்சாளான்னு கேளு” என்றார். மூன்றடி தள்ளி இருந்த மாமா, “பாத்தா தெரியும்னு சொல்லு” என்றார்.

“நான்னா மன்னிக்க மாட்டேன்னு சொல்லு.”

“அது எனக்கு ஏற்கெனவே தெரியும்னு சொல்லு.”

டின் இப்போது பீரோவில், சாவி மாமியின் முந்தானையில். சுகர் இல்லாத நானும் என் வீட்டுக்காரரும் என்ன பாவம் செய்தோம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.