அவன் அடம்பிடிக்கவில்லை

என் மகனுக்கு எட்டு வயது. வாய் ஓயாமல் பேசுவான். அதனாலேயே அவனுக்கு மொழியில் கோளாறு என்றால் யாரும் நம்புவதில்லை. "இந்த வாயாடிக்கு எதுக்கு ஸ்பீச் தெரபி?" என்று எங்கள் தெருவிலேயே கேட்கிறார்கள்.

எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமலிருந்து திருச்செந்தூர் சந்நிதியில் பேசிய கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. இரண்டரை வயதிலும் மகனுக்குப் பேச்சு வராதபோது, என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைத்தான் சொன்னார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அன்று எனக்குத் தூக்கம் தந்தது அதுதான். ஆனால் பேச்சு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பமே நினைத்துக்கொண்டதுதான் பிறகு பிள்ளையைப் பாதித்தது.

அவனுக்கு இருப்பது வளர்ச்சிசார் மொழிக் கோளாறு (Developmental Language Disorder), சுருக்கமாக டி.எல்.டி. முன்பு பல பெயர்களில் சொல்லிவந்ததை, பிரிட்டன் உளவியலாளர் டோரதி பிஷப் தலைமையிலான நிபுணர்கள் கலந்துபேசி 2017இல் இந்தப் பெயருக்குக் கொண்டுவந்தார்கள். காது நன்றாகக் கேட்கும், ஆட்டிசம் இருக்காது, ஆனாலும் மொழி மட்டும் பிடிபடாது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 30 பேர் உள்ள வகுப்பில் சராசரியாக இரண்டு பேருக்கு இது இருக்கும்.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். "பையை வச்சிட்டு, கை கால் கழுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துப் போட்டுட்டு வந்து உட்காரு" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அவன் நேராக வந்து உட்காருவான். கடைசி வினை மட்டும்தான் அவனிடம் தங்குகிறது. பார்ப்பவர்கள் "கொழுப்பு" என்பார்கள். "விளையாடப் போறதுக்கு முன்னாடி பால் குடி" என்றால் முதலில் விளையாட ஓடுவான், காதில் விழுந்த வரிசை அதுதானே! இப்போது "பால் குடி" என்று மட்டும் சொல்கிறோம். டம்ளர் காலியானதும், "இப்ப விளையாடப் போ."

கணக்கிலும் இதே கதைதான். 47ஐயும் 38ஐயும் கூட்டச் சொன்னால் சட்டென்று கூட்டுவான். "கண்ணனிடம் 12 மாம்பழம் உள்ளது. இது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?" என்றால் 17 என்று எழுதுவான். வாக்கியத்தின் முடிச்சுதான் அவனுக்கு அவிழவில்லை. அதற்காக அவனிடம் கூடுதலாகக் கூட்டல் போட வைப்பது அநியாயம்.

"நேத்து ஆச்சி வரும்" என்பான். "ஆமா, நேத்து ஆச்சி வந்தாங்க" என்று சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வோம். திரும்பச் சொல்லவைப்பதில்லை. தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. இரண்டு மொழி கேட்பதால் இந்தக் கோளாறு வருவதில்லை. ஆச்சியோடு பேச அவனுக்குத் தமிழ் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. ஆனால் அதன் விளக்கத்தில் உதாரணமாக வருவது குரல்வளையை அகற்றியவர்களும் மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்களும்தான். இவனைப் போன்ற பிள்ளைகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

அதனால் ஜூனில் வரப்போகும் புது மிஸ்ஸுக்கு நானே ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பதில் வரத் தாமதமானால் அடுத்த பிள்ளையிடம் போய்விடாதீர்கள், வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பான். அப்புறம், "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், புரியாவிட்டாலும் தலையாட்டுவான். "இப்ப நீ என்ன செய்யப் போற?" என்று கேளுங்கள்.