நாளைக்கு இரண்டு சாறன்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நான்கு வருடம் இருந்தேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. அடுத்த நாளிலிருந்து எனக்கு ஒரே வேலைதான், அறையை ரத்துச் செய்கிறவர்களுக்குப் பதில் எழுதுவது. மே மாதம் முழுக்க எழுதினேன். ஜூனில் ரத்துச் செய்யவும் ஆளில்லை. நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம் என்று எங்களில் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கையில் மிஞ்சியது ஒரு போன், கொஞ்சம் சேமிப்பு, முகம் தெரியாதவர்களுக்கு மரியாதையாகப் பதில் எழுதும் பழக்கம். இதில் எது சோறு போடும் என்று அப்போது கேட்டிருந்தால் சேமிப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆண்கள் இடுப்பில் கட்டும் சாறனை விற்கும் யோசனை அப்பாவுடையது. கல்முனை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் மருதமுனையில் ஒரு நெசவாளரிடம்தான் தனக்கும் சித்தப்பாமாருக்கும் சாறன் எடுப்பார். எங்கள் கல்லடியில் இருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு எல்லாம் தாண்டி, பெரியநீலாவணைக்கு அடுத்த ஊர். கைத்தறி என்றால் கிழக்கில் முதலில் வாயில் வருவது அந்த ஊரின் பெயர்தான். அந்த நெசவாளரை நாங்கள் காக்கா என்போம், முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. நான் போன நேரம் காக்காவின் முன்னறையில் சாறன் கட்டுக்கட்டாகக் கிடந்தது. வழமையாக எடுக்கும் வெளியூர் வியாபாரிகள் இரண்டு மாதமாக அந்தப் பக்கம் வரவில்லை. குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம்களிடம் வாங்காதே என்று நாட்டில் பலர் வெளிப்படையாகவே சொல்லித் திரிந்த நாட்கள் அவை. என் சொந்தத்தில் ஒருவர்கூட, "இந்த நேரத்தில அங்க போயா சாமான் எடுக்கிற?" என்று கேட்டார். அவருக்கு அப்பா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

காக்கா இருபது சாறனைக் கடனுக்குத் தந்தார். "வித்தாக் காசத் தாங்க தங்கச்சி. விக்காட்டிச் சாறனத் தாங்க."

பேஸ்புக்கில் பக்கம் திறந்த முதல் கிழமையே பூஸ்ட் பண்ணினேன், காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டச் செய்வது. ஐந்து டொலர். அப்போது டொலர் 175 ரூபாய்க்குக் கிட்ட, ஆக 900 ரூபாய்கூட வரவில்லை. இலங்கை முழுவதும், 18 வயது முதல் 65 வரை, ஆண் பெண் எல்லாரும் என்று கொடுத்தேன். வலையை அகலமாக வீசினால் கூடுதலாக மீன் விழும் என்ற கணக்கு. விழுந்தது லைக், 400-க்கு மேல். ஓடர் ஒன்று. அதுவும் என்னோடு படித்தவள், பாவம் பார்த்து எடுத்தது. எங்கள் வாவியில் தோணி தள்ளுகிற எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எந்த மீனுக்கு எந்தக் கண்ணி என்று தெரியாமல் இங்கே யாரும் வலையோடு இறங்குவதில்லை.

இரண்டாம் முறை அதே ஐந்து டொலரை மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை என்று சுருக்கினேன். வயது 40-க்கு மேல். லைக் அறுபதைத் தாண்டவில்லை. ஓடர் ஏழு. லைக்கைப் பார்த்து வயிறு நிறைக்கும் பழக்கம் அந்தக் கிழமையோடு விட்டது.

அதன் பிறகு நான் கவனித்தது கேள்விகளைத்தான். படத்துக்குக் கீழே பத்துப் பேரில் எட்டுப் பேர் "விலை?" என்று கேட்பார்கள். மற்றப் பக்கங்கள் எல்லாம் "இன்பொக்ஸ் பாருங்க" என்று பதில் போடும். நானும் போட்டேன். இன்பொக்ஸில் விலை சொன்னதும் பாதிப் பேர் மாயமாகிவிடுவார்கள். விலை கூடிப்போய் ஓடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஒரு அம்மா எழுதினார்: "ஆளுக்கொரு விலை சொல்றீங்களோ எண்டு பயமாக் கிடக்கு மகள்." ஹோட்டலில் அறை வாடகையை ஆளைப் பார்த்துச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றே எல்லாப் படத்திலும் 950 ரூபாய் என்று போட்டேன்.

அதற்கு வந்தது வினை. காக்காவிடம் மொத்தமாக எடுக்கும் ஒரு துணிக்கடைக்காரர் போன் எடுத்துச் சத்தம் போட்டிருக்கிறார். "நான் ஆயிரத்தி நூறுக்கு விக்கிற சாமான, ஒரு புள்ள போன்ல தொள்ளாயிரத்தி அம்பதெண்டு ஊருக்கே காட்டினா நான் கடைய மூடட்டா?" அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கடைக்கு வாடகை, வேலைக்கு இரண்டு பையன்கள். எனக்குச் செலவு போனுக்குப் போடும் ரீலோட் மட்டும். காக்காதான் இரண்டு பக்கமும் மிதிபடாமல் வழி சொன்னார். கடைக்குப் போகும் கோடுகள் வேறு, எனக்கு நெய்யும் கட்டங்கள் வேறு. விலை ஒப்பிட ஒரே சாறன் இரண்டு இடத்திலும் இருக்காது. அவர் எந்த வகுப்பிலும் வியாபாரம் படித்தவர் அல்ல.

விலைக்கு அடுத்த கேள்வி நிறம். போனில் எடுத்த மரூன் இரத்தச் சிவப்பாகத் தெரியும். காசு கையில் வாங்கிக்கொண்டு பார்சல் கொடுக்கும் கூரியர் முறை என்பதால், நிறம் பிடிக்காதவர் கதவடியிலேயே திருப்பிவிடுவார். போன கூலியும் வந்த கூலியும் என் தலையில். ஒரே மாதத்தில் ஆறு பார்சல் திரும்பி வந்தது. பிறகு, வெயில் ஏற முன், விறாந்தையின் வடக்குப் பக்க வெளிச்சத்தில், சாறனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடுதாசியை வைத்து எடுக்கத் தொடங்கினேன். கடுதாசி வெள்ளையாகத் தெரிந்தால் சாறனும் தன் நிறத்தில் தெரியும். மங்கலாகத் தெரிகிறது என்று தங்கச்சி முகம் சுளித்தாள். திரும்பி வருவது நின்றது.

அடுத்தது நீளம், உயரம். ஒருவர், "எனக்கு வயிறு கொஞ்சம் முன்னுக்கு, காணுமா?" என்று கேட்டார். இரண்டு மீற்றர் நீளம், 48 அங்குல உயரம் என்று இலக்கத்தில் எழுதியதை விட, அந்தக் கேள்வியையே அவர் பெயர் இல்லாமல் போட்டு, அப்பாவைச் சாறன் கட்டி நிற்க வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டது நன்றாக வேலை செய்தது. அப்பாவுக்கும் வயிறு முன்னுக்குத்தான். அந்தப் படத்துக்கு ஒரு சதம் செலவில்லை. அப்பா இப்போதும் அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

சொல்லும் ஒரு பிரச்சினை. நாங்கள் சாறன் என்போம். சிலருக்கு அது சாரம், சிலருக்குச் சாறம், தமிழ்நாட்டுப் பக்கம் லுங்கி. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சரோங், சிங்கள ஆட்களுக்குச் சரம. பாதிப் பேர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். நானோ போஸ்டர் அடிக்கும் ஒரு தம்பியைப் பிடித்து, பாமினி என்ற எழுத்துருவில் பூவேலை எல்லாம் போட்டு விளம்பரம் செய்து வைத்திருந்தேன். படத்துக்குள்ளே அடைபட்ட அந்த எழுத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. பிறகு எல்லாப் பெயரையும் படத்துக்கு வெளியே, சாதாரண எழுத்தில், ஒரே வரியில் எழுதினேன். கூகுள் வரைபடத்திலும் தறி இருக்கும் இடத்தைக் காக்காவின் பெயரில் பதிந்தோம். அதற்கும் காசில்லை. அறுகம்பைக்குக் கடலில் சறுக்கப் போன இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் அதைப் பார்த்துக்கொண்டே தறிக்கு முன்னால் வந்து இறங்கினார்கள். காக்கா அவர்களுக்கு இடியப்பம் கொடுத்துத்தான் அனுப்பினார்.

இருந்தும், உண்மையாகக் கடையைத் தாங்கியது வட்ஸ்அப். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து ஒரே தடவையில் செய்தி அனுப்பலாம். ஆனால் என் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் ஆறு மாதம் காற்றுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு பார்சலிலும் கையால் எழுதிய ஒரு துண்டு வைத்தேன்: "முதல் தரம் தனியா, உப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் கழுவுங்க. நிறம் போனா இந்த நம்பருக்குச் சொல்லுங்க. நம்பரைப் போன்ல போட்டு வைங்க." உப்பு காக்காவின் மனைவி சொன்னது. நம்பர் என்னுடைய தந்திரம்.

2022 மார்ச் முடிவில் நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனது. அந்த நேரம் தறிக்குப் போயிருந்தேன். ஊரே இருட்டுக்குள் விசிறி இல்லாமல் கிடக்க, காக்கா யன்னல் வெளிச்சத்தில் நெய்துகொண்டிருந்தார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் சத்தம் மட்டும். ஒரு பாவு நூல் அறுந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தார். இரண்டு முனையையும் விரலால் தேடிப் பிடித்து, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரு முறுக்கு முறுக்கி முடிச்சுப் போட்டார். நகத்தால் முடிச்சின் வாலைக் கிள்ளிவிட்டுத் திரும்ப மிதித்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதைப் போனில் பிடித்திருந்தேன். "கரண்ட் இல்லாட்டித் தறிக்கென்ன?" என்று எழுதி, வெட்டாமல் கொத்தாமல், 31ஆம் திகதி வியாழன் இரவு போட்டேன்.

சனிக்கிழமை பொழுதுபடுவதற்குள் 94 ஓடர். ஒரு ரூபாய் பூஸ்ட் இல்லை. நான் துள்ளிக் குதித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் குதித்தேன்.

ஞாயிறு, ஏப்ரல் 3, நாடெங்கும் ஊரடங்கு. விடியப் போனைப் பார்த்தால் பேஸ்புக் இல்லை, வட்ஸ்அப் இல்லை. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியிருந்தது. 94 பேரின் பெயரும் முகவரியும் அதற்குள்ளே. பின்னேரம் அவை திரும்பி வந்ததும் முதலில் செய்தது, தம்பியின் பழைய கணக்குக் கொப்பியைப் பிடுங்கி எல்லாவற்றையும் பேனையால் எழுதியதுதான். அந்தக் கொப்பி இப்போது நான்காவது.

எழுதி முடித்தபோதுதான் வயிறு கலங்கியது. காக்காவிடம் மூன்று தறி. ஒரு தறியில் நாளைக்கு இரண்டு சாறன். ஆக நாளைக்கு ஆறு, அதுவும் நூல் இருந்தால். நூல் இருக்கவில்லை. நாட்டில் டொலர் இல்லை, நூல் கடைக்காரர் "கொழும்பிலயே இல்ல" என்று கையை விரித்தார். நான் பத்து நாளில் தருவதாக எல்லாருக்கும் எழுதியிருந்தேன். பதினெட்டாம் நாள் திட்டுகள் வரத் தொடங்கின. அப்போது ஒருவர், பார்வைக்கு இதே போன்ற மெசின் தறிச் சாறன் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பதினைந்து எடுத்தேன். காக்காவிடம் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் அதே கையெழுத்துத் துண்டை வைத்து, உப்புத் தண்ணி வசனத்தோடு அனுப்பினேன்.

பதினான்கு பேர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி எழுதியவர்களும் உண்டு. பதினைந்தாமவர் திருகோணமலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மெசேஜ் போடவில்லை, போன் எடுத்தார்.

"மகள், நான் நாற்பது வருசமாச் சாறன் கட்டுறன். கரையைப் பாத்தன், அடிமட்டம் வச்சுக் கீறினமாதிரி இருக்கு. கையால நெய்ற மனிசன் எங்கயாவது ஒரு இடத்தில கொஞ்சம் கூட இழுப்பான். இது உங்கட வீடியோவில இருந்த தறி இல்லை, என்ன?"

இல்லை சேர் என்றேன். காசைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "காசு கிடக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் காசை அனுப்பினேன். நூல் வந்த பிறகு நல்ல சாறன் ஒன்றும் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு சொல் எழுதினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஓடர் வரவில்லை. முதல் கொப்பியில் 61ஆவது பெயர் அவருடையது. மற்றப் பதினான்கு பேருக்கும் உள்ளதை எழுத எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஒன்பது பேர் பரவாயில்லை என்றார்கள், மூன்று பேர் காசு கேட்டார்கள், இரண்டு பேர் என்னை பிளொக் பண்ணினார்கள். காக்காவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மிதியில் இருந்த காலை மட்டும் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்தார்.

அந்த மே மாதம் டொலர் 360 ஆனது. அதே ஐந்து டொலர் 1,800 ரூபாய். பூஸ்ட்டை நிறுத்தினேன், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. இப்போது பெருநாளுக்கு முந்திய ஒரு கிழமை மட்டும் கொஞ்சம் போடுவேன், அதுவும் சின்ன வட்டத்துக்குள். மற்ற நேரமெல்லாம் காலையில் தறியடியில் இருந்து காக்காவின் மகன் ஒரு படம் அனுப்புவான், எத்தனை முடிந்தது, எத்தனை பாவில் இருக்கிறது என்று. அதை அப்படியே போடுவேன். கூடுதலாக விற்க ஆசைதான், ஆனால் நாளைக்கு ஆறுக்கு மேல் ஓடர் எடுத்தால் இரவு நித்திரை வருவதில்லை.

கனடாக்காரர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து போனைத் திறக்கும்போது எங்களுக்கு விடிய ஐந்தரை. இன்றைக்கும் அப்படி ஒன்று வந்தது. டொரொன்டோவில் இருந்து, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"அக்கா, மட்டக்களப்பில அப்பாக்குக் குடுக்க ரெண்டு சாறன் வேணும். இந்த வெள்ளிக்கு முந்திக் கிடைக்குமா?"

"தறியில இருக்கு தம்பி. பன்னிரண்டு நாள் செல்லும்."

மூன்று புள்ளி ஓடி ஓடி நின்றது. தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

"அப்பாட்டக் கேட்டுட்டுச் சொல்றன்."

கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.