உபுண்டு டாக்கர் இமேஜில் மேன் பக்கங்களை மீட்ட கதை

உபுண்டு 22.04 டாக்கர் இமேஜுக்குள் (கன்டெய்னர் என்ற தனித்த சூழலை உருவாக்கும் அச்சு) ஒரு சி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஓபன் சிஸ்டம் கால் (கோப்பைத் திறக்க நிரல் இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கை) என்னென்ன பிழைகளைத் தரும் என்று பார்க்க, அதன் மேன் பக்கத்தை, அதாவது சிஸ்டத்திலேயே இருக்கும் கையேட்டுப் பக்கத்தைத் திறக்க 'மேன் 2 ஓபன்' என்று அடித்தேன். பக்கம் வரவில்லை. 'இது சுருக்கப்பட்ட சிஸ்டம், முழுதாக வேண்டுமென்றால் அன்மினிமைஸ் கட்டளையை ஓட்டுங்கள், மேன்-டிபி பேக்கேஜும் வேண்டும்' என்கிற மாதிரி ஒரு செய்திதான் வந்தது. முதலில் மேன் கட்டளையைத் தரும் மேன்-டிபியை மட்டும் நிறுவிப் பார்த்தேன். அதே செய்தி.

நிறுவிய பிறகும் ஏன் அப்படி? /யுஎஸ்ஆர்/பின்/மேன் கோப்பைத் திறந்ததும் புரிந்தது. அது நிஜமான மேன் இல்லை. அந்தச் செய்தியை அச்சிட மட்டும் வைத்திருக்கும் குட்டி ஷெல் ஸ்கிரிப்ட். நிஜ மேன் வந்தாலும், டிபிகேஜி-டைவர்ட் என்ற கருவி அதை 'மேன்.ரியல்' என்ற பெயருக்குத் திருப்பிவிடுகிறது.

சரி, பக்கங்களாவது டிஸ்கில் இருக்கின்றனவா? எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகள் உள்ள கோர்யூட்டில்ஸ் பேக்கேஜில் என்னென்ன கோப்புகள் என்று, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜியிடம் கேட்டேன். எல்எஸ் கட்டளைக்கான மேன் பக்கம் பட்டியலில் இருந்தது. மேன்1 ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் அந்தக் கோப்பு இல்லை. பலரும் மணிக்கணக்கில் சுற்றுவது இந்த இடத்தில்தான். டிபிகேஜி பொய் சொல்லவில்லை. பேக்கேஜில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது, டிஸ்கில் இருப்பதை அல்ல.

காரணம் /இடிசி/டிபிகேஜி/டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி ஃபோல்டரில் உள்ள 'எக்ஸ்க்ளூட்ஸ்' கோப்பு. /யுஎஸ்ஆர்/ஷேர்/மேன் அடியில் வருவது எதையும் டிஸ்கில் எழுதாதே என்று அதில் ஒரு வரி. பேக்கேஜைப் பிரிக்கும்போதே டிபிகேஜி அவற்றைத் தாண்டிப் போய்விடும். அதனால் எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் பக்கம் வராது. யாரும் லாகின் செய்யாத கன்டெய்னருக்கு இது நியாயமான ஏற்பாடுதான். உள்ளே உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்கு அப்படியல்ல. நிறுவியிருக்கும் வெர்ஷனுக்கே உரிய விளக்கம், நெட் இல்லாமலே கிடைப்பது மேன் பக்கத்தில்தான்.

அப்புறம் அன்மினிமைஸை ஓட்டினேன். அது அந்த எக்ஸ்க்ளூட்ஸ் கோப்பை எடுத்துவிட்டு, மேன் பக்கம் உள்ள பேக்கேஜ்களை மறுபடி நிறுவி, திருப்பிவிட்ட மேனையும் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. நேரம் பிடிக்கும், இமேஜும் பெருக்கும். ஆகவே டெவலப்மென்ட் இமேஜில் மட்டும் செய்யுங்கள்.

எல்எஸ் பக்கம் வந்தது. ஓபன் இன்னும் வரவில்லை. சிஸ்டம் கால்களின் 2ஆம் பிரிவும் சி லைப்ரரியின் 3ஆம் பிரிவும் 'மேன்பேஜஸ்-டெவ்' என்ற தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. சி நிரல்களைக் கம்பைல் செய்யும் கருவிகளைத் தரும் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜை நிறுவும்போது வழக்கமாகப் பரிந்துரையாகக் கூடவே வந்துவிடும். இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் பரிந்துரைகளை நிறுத்தி வைத்திருந்தால் வராது. அதையும் நிறுவியதும் பிழைப் பட்டியல் முழுதாகத் திறந்தது.

ஃபெடோரா கன்டெய்னர் என்றால் அதன் பேக்கேஜ் நிறுவியான டிஎன்எஃப்பின் கான்ஃபிக் கோப்பில், ஆவணங்களை நிறுவாதே என்று சொல்லும் 'நோடாக்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்பைன் லினக்ஸில் மேன் பக்கங்கள் 'டாக்' என்று முடியும் தனிப் பேக்கேஜ்களில் இருக்கும். படிக்க மேன்டாக் நிறுவ வேண்டும்.